கொஞ்சம் குறைங்க, தம்பி

ஒரு வீட்டுக்குள் நுழையும்போது எல்லாரும் செருப்பைக் கழற்றுவார்கள். அந்த அக்கா செருப்பைக் கழற்றிய கையோடு எதையாவது குறைப்பார். டிவி ஓடினால் அதன் சத்தத்தை, காற்றாடி கடகடத்தால் அதன் வேகத்தை, அடுப்பில் பால் இருந்தால் தீயை. கேட்டுக்கொண்டு செய்கிற வழக்கமெல்லாம் கிடையாது. குறைத்துவிட்டு, "இப்ப நல்லாருக்குல்ல?" என்பார். நல்லாத்தான் இருக்கும். எனக்கு அதுதான் எரிச்சல்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், "எதுக்குத் தம்பி அதெல்லாம்" என்று அதையும் குறைத்துவிடுவார்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்குத் தண்ணீர் வேலை. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. பட்டாசுக் கம்பெனியில் வேலை நடக்கும் ஒவ்வொரு ரூமுக்கும் வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். மருந்து கலக்கும் ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உள்ளே போகிறவர்கள் அதில் கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் நிற்கிற மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும் என்பார்கள். தொட்டிகளில் தண்ணீர் குறையாமல் பார்ப்பதும், தகட்டுக் கம்பி இறங்கும் குழிகளில் தண்ணீர் ஊற்றுவதும்தான் அக்காவின் வேலை. காலை முதல் சாயங்காலம் வரை குடமும் கையுமாக நடை. மருந்தைத் தொடுகிற வேலை இல்லை என்பதால் அங்கே அவருக்குப் பெரிய மதிப்பும் இல்லை.

அந்தத் தகட்டைத் தொடும் பழக்கம் மட்டும் அவரை விடவே இல்லை. எந்த ஊர், எந்த வீடானாலும் சரி, உள்ளே போகுமுன் கம்பிக் கதவையோ தண்ணீர்க் குழாயையோ ஒரு தொடு தொட்டுவிட்டுத்தான் போவார். எங்கள் சர்ச்சுக்குப் புதிதாக வந்த போதகர் ஐயர், இது ஏதோ வேண்டுதல் என்றே நினைத்திருந்தார்.

சர்ச்சில்தான் எனக்கு அவரைத் தெரியும். எனக்குக் குரல் நன்றாக இருக்கும். இதை நானே சொல்லக் கூடாது, ஆனால் மற்றவர்கள் போதிய அளவு சொல்வதில்லை. சிவகாசித் தெருக்களில் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போகும் ஜவுளிக்கடைத் தள்ளுபடியும் சரி, "ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம்" என்று போகும் இழவுச் செய்தியும் சரி, பாதி என் குரல்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வேதபாடமும் நான்தான் வாசிப்பேன்.

அங்கே மைக் செட்டை முன்பெல்லாம் வாரம் ஒருவர் பார்த்தார்கள். பாட்டு கேட்கவில்லை என்று யாராவது கை காட்டினால் பாட்டை ஏற்றுவார்கள். பிறகு கீபோர்டு கேட்கவில்லை என்று அதை ஏற்றுவார்கள். இப்படியே ஏறி ஏறி, ஸ்பீக்கர் 'கீ' என்று ஊளையிட்டு, கைக்குழந்தைகள் எல்லாம் அழ ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்து போனார். ஜன்னல் கம்பியை ஒரு தொடு தொட்டார். மைக் சத்தங்களைக் கலந்து கொடுக்கும் மிக்சரில் மூன்று திருகுகளைக் குறைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஊளை நின்று, பாட்டு அட்சரம் அட்சரமாகக் கேட்டது. அன்று முதல் மைக் செட் அவர் பொறுப்பு.

"ஒண்ணு கேக்கலன்னா அதைக் கூட்டாதீக. மத்ததைக் குறைங்க." அவருடைய வேதாந்தம் மொத்தமும் இவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், அவர் என்னையும் குறைத்தார். நான் ஏசாயாவை முழங்கிக்கொண்டிருக்கும்போது என் குரல் மெல்ல இறங்கும். ஆராதனை முடிந்ததும் போய்ச் சண்டை பிடித்தேன்.

"என் மைக்கை மட்டும் எதுக்குக்கா குறைக்கீக?"

"நீங்க வாசிக்கிறது கடைசி பெஞ்சு வரைக்கும் போகுது தம்பி. அதுக்கு அங்கிட்டு சுவருதான் இருக்கு."



இப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு மிக்சர் வாங்கப் போனேன் என்றால், அதற்கு அவசியம் வந்துவிட்டது. நான் ஒரு பிரஸ்ஸில் காலண்டர், டைரிகளுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ராகுகாலத்தில் ஒரு எண் மாறியதற்கு மேனேஜர் நாலு பேர் முன்னால் பேசினார், நானும் நாலு பேர் முன்னால் வேலையை விட்டேன். சென்னையில் ஒரு கம்பெனி பாடப்புத்தகங்களை ஒலியாக்கி விற்கிறது. வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பலாம், குரலும் பிடித்திருக்கிறது, ஆனால் பின்னால் ஒரு பொட்டு இரைச்சல் இல்லாமல் மாதிரி அனுப்ப வேண்டும் என்றார்கள். என் மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊசி போடுகிற பக்குவத்தில் சொன்னாள்.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாருங்க. அன்னைக்கு அடுத்த வருசக் காலண்டர் மாதிரியெல்லாம் சேத்து ஆல்பம் போட்டுருவாக, பிரஸ்ல ஆள் எடுப்பாக. அதுக்குள்ள இது சரிப்படலன்னா, பேசாமப் போயி அந்த மேனேஜர்கிட்டயே உக்காந்துருங்க."

அந்த மேனேஜரிடம் திரும்பிப் போய் நிற்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

மாசி மாதம், அக்காவின் கம்பெனி லீவு விட்ட ஒரு நாளில் விருதுநகருக்கு பஸ் ஏறினோம். ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபயரும் விற்கிற ஒரு கடை. பன்னிரண்டு மைக் செருகலாம், எக்கோ இருக்கிறது, பச்சையும் சிவப்புமாக விளக்கு ஓடுகிறது என்று ஒரு மிக்சரைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். பார்த்ததுமே எனக்கு அது பிடித்துவிட்டது. கையிலிருந்த பணம் சரியாக அதற்குத்தான் போதும்.

அக்கா கேட்டார். "உங்க வீட்ல ஒரே நேரத்துல எத்தனை பேரு பேசுவீக?"

"நான் ஒருத்தன்தான்."

"அப்ப ஒரு வாய்க்கு ஒரு ஓட்டை. யாராச்சும் விருந்தாளி வந்து பேசுனா இன்னொரு ஓட்டை. மிச்சம் பத்துக்கு என்ன செய்யப்போறீக?"

"எதிர்காலத்துக்கு ஆகும்லம்மா" என்றார் கடைக்காரர்.

"எதிர்காலத்துல தம்பிக்குப் பத்து வாயா மொளைக்கப்போகுது?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

அடுத்து அவர் செய்ததைத்தான் இன்றுவரை எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மிக்சரில் கரன்ட் மட்டும் கொடுக்கச் சொன்னார். மைக் எதையும் செருகவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு எல்லாத் திருகையும் கடைசி வரை கூட்டினார். அவர் எதையாவது கூட்டி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஹெட்போனை என் தலையில் மாட்டினார். குக்கர் விசில் வருவதற்கு முன் வருமே, அந்த மாதிரி உஸ்ஸென்று ஒரு சத்தம்.

"யாரும் பேசாதப்பவே இது இம்புட்டுப் பேசுது. நீங்க பேசுறப்ப சும்மா இருக்குமா?"

அலமாரியின் கீழ்த்தட்டில் சோப்புப் பெட்டி மாதிரி ஒரு சின்ன மிக்சர் இருந்தது. மைக்குக்கு இரண்டே ஓட்டை, பதிவுக்கு ஆகிற கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய கரன்ட்டை அதுவே கொடுக்கும், கம்ப்யூட்டரில் நேராக மாட்டலாம். விளக்கு ஒன்றே ஒன்று. அதையும் அதேபோல் எல்லாம் கூட்டிக் கேட்டார். திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, கரகரப்பு வருகிறதா என்று பார்த்தார். என்னிடம் ஹெட்போனைக் கொடுத்தார். உள்ளே அநேகமாக ஒன்றுமே இல்லை. பெரியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சத்தில் நல்ல மைக்கும் கெட்டியான ஒயரும் வாங்க வைத்தார். ஊர் திரும்பும்போது அந்தச் சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தங்கையைக் கட்டிவைக்கப்பட்ட மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் மாட்டிப் பார்த்தால் 'ங்ஙொய்' என்று ஒரு ரீங்காரம். உடனே அக்காவுக்குப் போன் போட்டேன், குரலில் கொஞ்சம் வெற்றியும் இருந்தது. மறுநாள் சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேரே வந்தார். மிக்சரின் தகரத்தைப் புறங்கையால் தொட்டார். கையைச் சட்டென்று எடுத்தார். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். அதன் மூன்றாவது கம்பியை, எர்த்துக்கு இருக்கும் அந்தத் தடித்த கம்பியை, நான்தான் வெட்டியிருந்தேன். எங்கள் வீட்டு எக்ஸ்டென்சன் பெட்டியில் அது நுழையவில்லை.

"கம்பெனிக்குள்ள தகட்டத் தொடாம ஒருத்தர் ஒரு ரூமுக்குள்ள போக மாட்டோம். வீட்டுக்கு வந்தா மண்ணுக்குப் போற கம்பிய வெட்டி எறிஞ்சுர்றோம்" என்றார். திட்டுகிற மாதிரி இல்லை, ஆச்சரியப்படுகிற மாதிரி இருந்தது. அவர் சொன்ன பிறகு தெருவில் பார்த்தேன். பாதி வீடுகளில் அந்தக் கம்பி வெட்டுப்பட்டுத்தான் இருந்தது, அதில் மூன்று வீட்டுக்காரர்கள் பட்டாசுக் கம்பெனி ஆட்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கடப்பாரையோடு வந்துவிட்டார். பதிவு அறையின் ஜன்னலுக்கு வெளியே, பின் சந்தில் குழி தோண்டினோம். இரண்டடி நான் தோண்டினேன், பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மிச்சத்தை அவர் தோண்டினார். குழாயை நட்டு, சுற்றிலும் அடுப்புக்கரியும் கல்லுப்புமாகப் போட்டு மூடி, கம்பியை உள்ளே இழுத்துப் புது பிளக்கில் சேர்த்தார். ரீங்காரம் போன இடம் தெரியவில்லை. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த அமைதியை அனுபவித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்று, "தம்பி, இந்தக் குழிக்கு வெயில் காலத்துல..." என்று அவர் ஏதோ ஆரம்பித்தார். "சரிக்கா, சரிக்கா" என்று கையை ஆட்டினேன்.

இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஓயாத யோசனை. பத்தாவது தாண்டியதில்லை. வீட்டில் பாட்டுப் பாடுகிறவர் யாருமில்லை. கணவர் உரத்துப் பேசுகிற ஆளோ என்றும் சந்தேகப்பட்டேன், அவரானால் வணக்கம் சொல்வதற்கே இரண்டு நிமிடம் எடுப்பவர். கடைசியில் நேரடியாகவே கேட்டேன்.

"கம்பெனில தொட்டி தொட்டியா நடக்குறப்ப, எந்த ரூம்லயாச்சும் ஒரு சின்னச் சத்தம் வருதான்னு காதை வச்சுக்கிட்டே நடப்பேன் தம்பி. ஒரு உரசல், ஒரு சீறல். பதினேழு வருசமா அப்படித்தான். சின்னச் சத்தம் கேக்கணும்னா பெரிய சத்தம் இருக்கக் கூடாதுல்ல?"

அன்று அவர் போன பிறகு டிவியை நானே குறைத்தேன்.

இந்த மரியாதையெல்லாம் சித்திரை வரைதான். கத்திரி வெயிலில் ரீங்காரம் திரும்பி வந்தது. லேசாகத்தான், ஆனால் சென்னைக்காரர்கள் காதுக்குக் கேட்டுவிட்டது. மாதிரியைத் திருப்பிவிட்டார்கள். இன்னும் ஒரு தடவை அனுப்பலாம், அதோடு சரி என்றார்கள். ஆடிப் பதினெட்டு கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது. மேனேஜரின் முகம் கனவில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், நாலு பேர் முன்னால், அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க பேச்சக் கேட்டு ஒரு பொம்மைய வாங்கிட்டு வந்து உக்காந்திருக்கேன். என் பொழப்பே போச்சு. தண்ணி ஊத்துற வேலை பாக்குறவுககிட்டப் போயி யோசனை கேட்டேன் பாருங்க, என்னையச் சொல்லணும்."

அவர் முகம் மாறியது. ஆனாலும் குரல் ஏறவில்லை. "சத்தம் போடாதீக தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசல் கதவைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். மைக் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். அன்று என் வாசிப்பை அவர் குறைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அந்த வாரமே ரீங்காரம் குறைந்தது. அடுத்த வாரம் சுத்தமாக இல்லை. தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் வேலை நடந்தது, அதனால்தான் என்று முடிவு கட்டினேன். பதிவு செய்தேன், அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். ஆடிப் பதினெட்டு அன்று ஊரெல்லாம் காலண்டர் ஆல்பம் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஏழாம் வகுப்பு அறிவியல் வாசித்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் தடுத்தது, கொஞ்சம் திமிரும்தான். நாளைக்குச் சொல்லலாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி மூடியது, திரும்பத் திறக்கவில்லை. அக்காவும் கணவரும் திருப்பூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சொன்னார்கள். அன்று ஸ்பீக்கர் 'கீ' என்றது.

மழைக்காலம் போனது, பனி போனது. இந்தச் சித்திரையில் மறுபடியும் 'ங்ஙொய்'.

போன வருடத்துப் பதிவில் இது எப்படி நின்றது என்று ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று பழைய பதிவுகளைத் திறந்தேன். வெட்டி ஒட்டாத அசல் பதிவுகளையும் ஒரு வருடம் வைத்திருக்கச் சென்னைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள், அதனால் எல்லாம் இருந்தன. எங்கள் பக்கத்து வீட்டில் காகிதம் வெட்டும் மெஷின் நாலு மணிக்கு நிற்கும். நான் நாலிலிருந்து ஆறு வரை பதிவு செய்வேன். வைகாசியில் ஒரு நாள் பதிவைக் கேட்டேன். ரீங்காரம் இருக்கிறது. ஐந்து மணி வாக்கில் கம்பெனி வேன் ஹாரன். கொஞ்ச நேரம் கழித்துப் பின் சந்தில் செருப்புச் சத்தம். ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மூடி திறக்கும் சத்தம். பிறகு தண்ணீர், குடுகுடுவென்று, மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி. மூடி மறுபடி மூடும் சத்தம். நான் வாசித்துக்கொண்டே இருக்கிறேன். உடனே யாரும் திரும்பிப் போகிற சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் செருப்புகள் போகின்றன. அரைமணி நேரத்தில் ரீங்காரம் மெலிகிறது.

அடுத்த நாள் பதிவைத் திறந்தேன். ஹாரன், செருப்பு, மூடி, தண்ணீர். அதற்கடுத்த நாளும் அதே. ஆனி, ஆடி முழுக்க அப்படித்தான். இந்தச் சத்தம் எனக்குப் புதிதே இல்லை. பின் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள் என்று வைதுகொண்டே, தினமும் இந்த இடத்தை நான்தான் பார்த்துப் பார்த்து வெட்டி எறிந்திருக்கிறேன்.

சந்துக்குப் போய்க் குழியைப் பார்த்தேன். மண் வெடித்துக் கிடந்தது. வெயில் காலத்தில் இந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைத்தான் அன்று ஜன்னலில் சொல்ல வந்திருக்கிறார். மண்ணில் ஈரம் போனால் எர்த்தும் போய்விடும். சர்ச் வாசலில் வைத்து நான் கேட்டதற்கு இதை ஒரு வரியில் அவர் சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் எனக்குத்தான் அவமானம் ஆகியிருக்கும். அதனால் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். தண்ணி ஊத்துற வேலை என்று நான் பழித்த வேலையை, எனக்காகத் தினமும் வந்து செய்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சந்தில் நின்று அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு ஒன்றும் இல்லை.

சர்ச்சில் நம்பர் வாங்கி வந்து, அதே சந்தில் நின்று போன் போட்டேன். மறுமுனையில் தடதடவென்று ஒரே இரைச்சல். பனியன் கம்பெனியில் மெஷின்களுக்கு நடுவே நிற்கிறாராம்.

"அக்கா, நான்தான். சிவகாசியிலேருந்து. வேதபாடம் வாசிக்கிறவன்."

"யாரு?"

பேரைச் சொன்னேன். "நீங்க குழிக்குத் தண்ணி ஊத்துனது இப்பத்தான் தெரியும்க்கா. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"கேக்கல தம்பி. இங்கன மெஷின் சத்தம். ஆறு மாசமா இதுக்குள்ளயே நின்னு காதும் முன்ன மாதிரி இல்ல. கொஞ்சம் கூட்டிப் பேசுங்க."

கொஞ்சம் கூட்டிப் பேசுங்க. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பிறகு பின் சந்தில் நின்றுகொண்டு, ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்குக் கொடுக்கிற முழுத் தொண்டையையும் கொடுத்தேன்.

"என்னைய மன்னிச்சிருங்கக்கா. தண்ணி ஊத்துனது நீங்கதான்னு எனக்குத் தெரியாது. நான் பேசுனது தப்பு."

பக்கத்து வீட்டில் காகிதம் வெட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மாடியிலிருந்து இரண்டு பேர் பார்த்தார்கள். என் மனைவி பின்கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். ஒரு வருடத்துக்கு முன் நாலு பேர் முன்னால் பேசியதற்கு, இப்போது தெருவுக்கே கேட்கும்படி மன்னிப்புக் கேட்டேன்.



"இப்பக் கேட்டுச்சு தம்பி" என்றார் அக்கா. "குழிக்கு இன்னைக்கு ஊத்துனீகளா?"

இன்னும் இல்லை என்றேன். மனைவி உள்ளே போய் ஒரு குடம் எடுத்து வந்தாள்.